உங்கள் அம்மா தாண்டிய வாசல்

அன்பு மகள் செல்விக்கும், மகன் குமாருக்கும், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர், ஊரார் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. மலரில் அப்பாவும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் இருவரும் பிடிவாதம் பிடித்தீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். வி.ஏ.ஓ. ஆபீசுக்கு மனு எழுதியதைத் தவிர வேறு எழுதியதில்லை. வீட்டில் உங்கள் அம்மாவை "இந்தா" என்றுதான் கூப்பிட்டேன். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய மரியாதை அது.

அவர் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரில். வாழ வந்தது பூதலூர்ப் பக்கம், தண்ணீர் முதலில் வந்து சேரும் ஊருக்கு. வந்த முதல் வாரமே வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு என் அக்காவிடம், "இம்புட்டுத் தண்ணியையும் நீங்களே வச்சிக்கிட்டுத்தான் எங்களுக்கு இல்லேன்னீங்களா?" என்று கேட்டார். அக்கா அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு குடும்பமும் அப்போது கூலிக்குப் போன குடும்பம். எங்கள் கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தலில் நடந்தது. தாலி கட்டியதும் ஊர்க் கோயிலுக்குப் போனோம். நம்மவர்களை உள்ளே விடாத காலம். மாலையும் கழுத்துமாக மதில் ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். உங்கள் அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு உழைப்புதான். முதலில் குத்தகைக்குப் பிடித்தோம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நமக்கென்று நிலம் வந்தது. நீங்கள் இருவரும் படித்து வேலைக்குப் போனீர்கள். அவ்வளவும் உங்கள் அம்மா குனிந்த முதுகில் வந்தது. வயலில் இறங்காத பேரப்பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். நடவு நடும் பெண்கள் முன்னால் போவதில்லை. குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் பின்னால் போவார்கள். முன்னால் போனால் நட்ட நாற்றைத் தாங்களே மிதித்துவிடுவார்கள். உங்கள் அம்மா வரிசையில் முதல் ஆள். திரும்பியே பார்க்க மாட்டார். வரப்பு வந்துவிட்டதைக் குதிகாலிலேயே தெரிந்துகொண்டு ஏறி நிற்பார். அவர் நிற்கும் வயலில் வரிசை கோணியதில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் நடுக்குவாதம் வந்தது. முதலில் வலது கை ஆடியது. பிறகு கால். நடந்து வந்துகொண்டே இருப்பார், வாசற்படி வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. இரண்டு முறை விழுந்தார். இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். "நட, நட, ஏன் நிக்கிற" என்று அதட்டி, கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். இழுக்க இழுக்க அந்தக் கால் இன்னும் இறுகும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது முறை அவர் விழுந்தது நான் இழுத்துத்தான்.

அந்த வருடம் எனக்கு அறுபது வந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று நீங்கள் நாள் குறித்தீர்கள். கோயிலில் அம்மாவை வீல்சேரில் வைத்துத் தள்ளிப் போகலாம், படி வந்தால் தூக்கிக்கொள்ளலாம் என்று குமார் சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். உங்கள் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மொதக் கல்யாணத்துக்கு வெளிய நின்னேன். இந்தக் கல்யாணத்துக்குத் தூக்கிட்டுப் போயி உள்ள வைக்கிறதா இருந்தா நான் வரலை. என் காலால போறதுன்னா சொல்லுங்க."

அப்போதுதான் அவர் எதையும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நாளோ இரண்டரை மாதத்தில் இருந்தது. அவரால் அடுக்களைப் படியைக்கூடத் தாண்ட முடியவில்லை.

பொங்கலுக்குச் செல்வி வந்திருந்தபோது, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில், டிவியில் ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டாள். கறுப்பு வெள்ளைப் படம். வால் வைத்த கோட்டுப் போட்ட ஒருவர், இறகு மாதிரி கவுன் போட்ட ஒரு பெண். ஆசைப்படுவார்கள், சண்டை போடுவார்கள், திடீரென்று பாடுவார்கள், பாட்டு முடிவதற்குள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. உங்கள் அம்மாவுக்கும் புரியாது. ஆனால் கதை முழுவதையும் அவரே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவன் ஏதோ பொய் சொல்லியிருக்கிறானாம், அவளுக்குத் தெரிந்துபோய்விட்டதாம், இப்போது பாட்டுப் பாடித்தான் சமாதானம் பண்ணுவானாம். அதேபோல அவன் பாடினான்.

சண்டைக்கு நடுவில் யாராவது பாடுவார்களா என்று கேட்டேன். "உங்களுக்கு எங்க தெரியப் போவுது. கோவம் வந்தா மம்பட்டியத் தூக்கிட்டு வயலுக்குப் போற ஆளு நீங்க" என்றார். செல்வி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சின்னம்மா என்னவென்று பார்க்க வந்து, அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பெரிய ஆட்டம் வந்தது. கண்ணாடிபோலத் தரை. அவன் முன்னால் வர, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போகிறாள். சுழல்கிறாள், மறுபடி பின்னால். உங்கள் அம்மா கட்டிலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணப் பாருங்க. பூராவும் பின்னாடியே போறா. நடவுக்காரி மாதிரி. அதுவும் குதிகால் செருப்போட."

சொல்லிவிட்டு, கையைக் கொடுங்கள் என்றார். பாத்ரூமுக்குத்தான் என்று நினைத்து எழுப்பினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றார். பிறகு பின்னால் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. டிவியில் தாளம் போய்க்கொண்டே இருந்தது, அவர் காலும் போய்க்கொண்டே இருந்தது. எத்தனையோ மாதமாக ஒட்டிக்கிடந்த கால். சுவரில் முதுகு இடித்த பிறகுதான் நின்றார். செல்வி, நீ கரும்புத் துண்டை வாயில் வைத்தபடியே அழுதாய். அப்பா அழவில்லை என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் நரம்பு டாக்டரிடம் கேட்டோம். இந்த நோயில் சிலருக்கு அப்படி வரும், தாளம் காலை எழுப்பிவிடும், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பழகட்டும் என்றார். அதற்குப் பிறகு தினமும் காலையில் படம். படம் முடிந்ததும் களத்தில் நாங்கள் இருவரும். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம்தான் எங்களுக்குக் கண்ணாடித் தரை. கைலியோடு நான் முன்னால் போக, அவர் புடவையைச் சொருகிக்கொண்டு பின்னால் போவார். கொஞ்ச தூரம் போனதும் காலில் ஓட்டம் வந்துவிடும், அப்படியே திரும்பி முன்னால் நடப்பார். சின்னம்மா வேலி ஓரமாக நின்று, பூதலூர் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் டிக்கெட் கேட்கிறார்கள் என்பார். ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் நாலு பேர் பார்க்க நான் அவர் கையைப் பிடித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். "அந்தக் கோட்டுக்காரன் வெக்கப்பட்டானா?" என்று கேட்டார்.

திருக்கடையூர் போனோம். வேனிலிருந்து இறங்கி, கோபுரம் வரைக்கும் என் தோளைத் தொட்டுக்கொண்டு நன்றாகவே நடந்தார். வாசற்படி வந்தது. கால் நின்றுவிட்டது.

எங்களுக்குப் பின்னால் இன்னொரு அறுபதாம் கல்யாண ஜோடி, அவர்கள் சொந்தக்காரர்கள், மேளம், அதற்கும் பின்னால் கூட்டம். நேரமாகிறது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். குமார், நீ ஓடிவந்து அம்மாவைத் தூக்கக் குனிந்தாய். அவர் தலையை மட்டும் அசைத்தார். நீ நின்றுவிட்டாய். அதற்காக உனக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

உங்கள் அம்மா மெதுவாகத் திரும்பினார். கோயிலுக்கு முதுகு, எனக்கு முகம். இரண்டு கையையும் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பின்னால் நின்ற மேளக்காரர் என்ன நினைத்தாரோ, தவிலைத் தட்ட ஆரம்பித்தார். உங்கள் அம்மா வலது காலைத் தூக்கினார். வரப்பில் ஏறுவாரே, அதேபோலக் குதிகாலால் படியைத் தேடி, கண்டு, ஏறினார். இடது காலும் ஏறியது. பிறகு உள்ளே இறங்கினார்.

கூட்டத்தில் ஓர் அம்மாள், சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டா உள்ளே வருவது என்று கேட்டார். உங்கள் அம்மா என் கையை விடாமலேயே பதில் சொன்னார்:

"வெளிய வர்றப்ப நீங்க எல்லாம் சாமியப் பாத்துக்கிட்டுப் பின்னாடியே நடந்து வர்றீங்கல்ல? நான் உள்ள போறப்ப எங்க வீட்டுக்காரரப் பாத்துக்கிட்டுப் போறேன். சாமி கோச்சிக்காது."

கேட்டவரே சிரித்துவிட்டார். உள்ளே இருபது அடி போனதும் உங்கள் அம்மா திரும்பினார், சன்னதி வரைக்கும் நேராக நடந்தார். அன்று கலசத் தண்ணீர் ஊற்றி, நான் இரண்டாம் முறை தாலி கட்டியபோது, கோயிலுக்கு உள்ளே இருந்தோம். என் காதில் "இப்ப கணக்கு சரியாப் போச்சு" என்றார். எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். நோய் குறையவில்லை, அதை மறைத்து எழுத மாட்டேன். ஆனால் அறைக்கு அறை, களத்துக்கு, வாய்க்கால் கரைக்கு, பின்னாலோ முன்னாலோ தானே போனார். கடைசியில் நாலு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் படத்தைப் போடச் சொன்னார். படுத்தபடியே பார்த்தார். போர்வைக்குள் பாதம் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை, சம்பா அறுவடைக்கு ஆள் வந்துகொண்டிருந்த நேரத்தில், அமைதியாகப் போய்விட்டார்.

டாக்டர் அய்யாவுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்த சின்னம்மாவுக்கும், படம் போட்ட மகளுக்கும், குனிந்தவன் நிமிர்ந்து வழிவிட்ட மகனுக்கும், பெயர் தெரியாத அந்தத் தவில்காரருக்கும் என் நன்றி. படத்தில் ஆடிய அந்த இருவர் பெயரையும் செல்வி பலமுறை சொல்லியிருக்கிறாள், என் வாயில் நிற்கவில்லை. அவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, அன்று தோள் கொடுத்த நான்கு பேருக்கு. என் மனைவி தன்னைத் தூக்கிப்போக யாரையும் விட்டதில்லை. பெற்ற மகனையே விடவில்லை. உங்கள் நால்வருக்கு மட்டும்தான் அந்த உரிமை கிடைத்தது. பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். கைகூப்பி வணங்குகிறேன்.

உங்கள் அப்பா