மஞ்சள் பூசிய பிள்ளை

எங்கள் ஊரான பண்டார் தெங்காராவில் பிரசவமான வீடுகளுக்குப் போய்ப் பச்சைப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும் தொண்டு வேலை எனக்கு. நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தால் தோல் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்க்கக் கிளினிக்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் நான் அழுத்திப் பார்க்கவில்லை. பிறந்து ஐந்தாம் நாள், பிள்ளை மஞ்சளாகத்தான் கிடந்தாள். "இப்பதான்க்கா மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுனோம்" என்றாள் தாய். நம் வீடுகளில் வழக்கம்தானே! "தங்கமாட்டம் இருக்கா லா" என்று கொஞ்சிவிட்டு, கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். மடச்சி.

இரண்டு நாள் கழித்து, பால் குடிக்காமல் துவண்டுபோனவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காமாலை முற்றியிருந்தது. உயிர் தப்பியது, காது போய்விட்டது.

இப்போது அவளுக்கு நான்கு வயது. நாங்கள் நடத்தும் பாலர் கூடத்துக்கு வருகிறாள். "நீங்க பாத்தப்ப நல்லாத்தான்க்கா இருந்தா" என்று அவள் தாய் இன்றும் சொல்கிறாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

தினமும் காலையில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "தங்கம்" என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கின்றன.