வேன் அக்கா செய்த துரோகம்

வேன் அக்கா இடது காலால்தான் மிதிப்பார். வலது முட்டி சரியில்லை. காலைத் தூக்கும்போதே ஒரு கண் மேடைப் பலகையின் இடுக்கில் இருக்கும். அடியில் படுத்திருக்கும் கயிற்றுக்காரர் விழித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். "பூமியே, எழுந்து வா!" என்று மிதித்தால், அவர் கயிற்றை இழுக்க, பலகையைத் தள்ளிக்கொண்டு ஒரு பாறை எழும். தெர்மாகோல் பாறை. சில சமயம் கயிற்றுக்காரர் போனில் இருப்பார், பூமி வராது. "என்ன, கூப்பிட்டா வர மாட்டியா?" என்று இன்னொரு மிதி விழும். பிள்ளைகள் இந்த இரண்டாவது மிதிக்குத்தான் அதிகமாகக் கைதட்டுவார்கள்.

சனி, ஞாயிறுகளில், ஒரு பெரிய மாலின் தரைத்தளத்தில், துணிக்கடைக்கும் நகரும் படிக்கட்டுக்கும் நடுவே இவர் மண்ணரசி. படக்கதை இதழ் ஒன்றின் நாயகி; மண்ணும் பாறையும் புழுதியும் அவள் சொன்னபடி கேட்கும். கூட்டாளிகள் மூன்று பேர்: நெருப்பு, காற்று, தண்ணீர். நால்வரும் சேர்ந்து இரும்புத்தலையன் என்ற வில்லனை வாராவாரம் ஓட ஓட விரட்டுவார்கள். மற்ற நாட்களில் நெருப்பு ஐஸ்கிரீம் கடையில் நிற்கிறான். காற்று சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார். தண்ணீர் அழகு நிலையத்தில் தலை அலசிவிடுகிறாள். மண்ணரசி பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார்.

வேன் பிள்ளைகளுக்கு இது இரண்டு வேலை என்று தெரியாது. மண்ணரசி வார நாட்களில் வேனில் வருகிறாள், அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் தேய்த்தும் போகாத பழுப்புச் சாயமே அதற்குச் சாட்சி.

"அதுல ஒரு வசதி இருக்கு," என்றார், இவரைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம். "மத்த வேன்ல உட்காரு, உட்காருன்னு தொண்டை கிழியணும். நான் லேசா காலைத் தூக்கினாப் போதும். எல்லாம் கப்சிப்."

மண்ணுக்கே அரசியானாலும் வீட்டுக்குள் ஒரு துளி மண் இருந்தால் இவருக்குத் தூக்கம் வராது. கணவர் கொத்தனார். மாலையில் அவரை வாசலிலேயே நிறுத்தி, உதறி, தட்டி, ஒரு சுற்று சுற்ற வைத்துத்தான் உள்ளே விடுவார். "நீங்க கட்டுறதும் வீடுதான், நான் பெருக்குறதும் வீடுதான். ரெண்டையும் கலக்காதீங்க." மாலில் நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கும் உடை மாற்றும் அறை, உண்மையில் தலையில்லாத துணிக்கடைப் பொம்மைகளைப் போட்டுவைக்கும் கிடங்கு. அங்கேயும் இவருடைய துண்டு மட்டும் நாலாக மடித்து, வாசனை சோப்பில் துவைத்து, ஒரு பொம்மையின் தோளில் தனியாகத் தொங்கும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் படக்கதையின் புது இதழ் வந்தது. மேலாளர் அதை விரித்து நீட்டினார். அதில் மண்ணரசி தன் கூட்டாளிகள் மூவரையும் பாறைக்குள் அடைத்துவிட்டு, இரும்புத்தலையனின் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். சனிக்கிழமை மேடையிலும் அதுவே நடக்க வேண்டும்.

"சார், இது நான் இல்ல."

"நீங்கதாம்மா. படம் போட்டிருக்கே."

"சரி, நான் ஏன் துரோகம் பண்றேன்? இத்தனை நாளா ஒண்ணா நின்னுட்டு, திடீர்னு அந்தத் தலையனோட போய்ச் சேர்றேனே, ஒரு காரணம் வேணாமா?"

"காரணம் அடுத்த இதழ்ல வருதாம்."

"அது வர்ற வரைக்கும் நான் காரணமே இல்லாத துரோகியா சார்?"

மேலாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாறையைப் பெருசா செய்யச் சொல்லியிருக்கேன்," என்று ஆறுதல் சொன்னார். இவர் சமாதானமாகவில்லை என்றதும், சோளப்பொரி விற்கும் பெண்ணுக்கும் அந்த உடை அளவாக இருக்கும் என்பதை மெதுவாக எடுத்துவிட்டார். உடைக்கு இடுப்பில் தன் கையால் இரண்டு முறை தையல் பிரித்து அகலம் கூட்டியவர் இவர். அதற்குள் இன்னொருத்தி நுழைவதா? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த இதழை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மூடி வைத்துவிட்டு, "எனக்கு இவளை முதல்லேர்ந்தே பிடிக்காது," என்றார்.

"யாரை?"

"படத்துல இருக்கிறவளைத்தான்."

"அப்ப ஏன் அத்தை என்னைப் பார்த்துச் சொல்றீங்க?"

காரணமில்லாமல் துரோகம் செய்ய இவரால் முடியாது. அதனால் அந்த வாரம் முழுக்கக் காரணம் தேடினார். பாத்திரம் துலக்கும்போது தேடினார், வேன் கதவைச் சாத்தும்போது தேடினார். "மூணு பேரும் நல்ல பிள்ளைங்கதான். அதான் கஷ்டமாப் போச்சு," என்றார். வெள்ளிக்கிழமை மாலை, மாலுக்கு ஒத்திகைக்குப் போன இடத்தில் ஒன்று அகப்பட்டது. மடித்து வைத்த துண்டை எடுத்துப் பார்த்தார். நடுவில் ஒரு முழு முகம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நெருப்புதான் சிவப்புச் சாயம் பூசுகிறவன்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். கயிற்றுக்காரர் அன்றைக்குப் பார்த்து விழித்திருந்தார். இவர் மிதித்தார். முன்பைவிடப் பெரிய பாறை எழுந்து மூவரையும் வளைத்துக்கொண்டது. அடுத்து இவர் "இனி உலகம் என் காலடியில்!" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். வாயைத் திறந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அக்கா, வேணாம்!"

வேனில் வரும் சிறுமி. ஒன்றாம் வகுப்பு, முன்பற்கள் இரண்டும் விழுந்தாயிற்று. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் ஓட்டுநர் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறார். அவள் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

உலகம் காலடியில் என்ற வசனம் இவருக்கு மறந்துபோயிற்று. "சும்மா ஒண்ணும் பண்ணலடா செல்லம்! என் துண்டுல மூஞ்சியைத் துடைச்சது யாருன்னு அவனையே கேளு!"

பாறைக்குள்ளிருந்து நெருப்பு தலையை நீட்டினான். "ஒரே ஒரு தடவைதான்க்கா!"

"அந்தச் சாயம் போகுமாடா? மூக்கு, வாய் எல்லாம் அப்படியே இருக்கு!"

"என்னை எதுக்கு உள்ள போட்டீங்க?" என்றார் காற்று. "நான் என்ன பண்ணேன்?"

"பார்த்துக்கிட்டே இருந்தீங்கள்ல!"

தண்ணீர் உள்ளேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நிஜமாகவா நடிப்பா என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. இரும்புத்தலையன், தன் வசனம் ஒன்றாவது காப்பாற்றப்பட வேண்டுமே என்று முன்னால் வந்து, "வா மண்ணரசி, இருவரும் சேர்ந்து உலகை ஆள்வோம்!" என்றான்.

"நீ முதல்ல அந்தத் தலையை என் நாற்காலியில வைக்கிறதை நிறுத்து!"

பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "துரோகி! துரோகி!" என்று கத்தினார்கள்; சோளப்பொரி பறந்து வந்தது. மேலாளர் ஓடி வந்து, இதையே நாளைக்கும் செய்யுங்கள் என்று இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இவர் காதில் அது விழவே இல்லை. நகரும் படிக்கட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்த வக்கீல் ஒருதரமாவது திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை நான் அந்த வேனின் பின்சீட்டில், புத்தகப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். யாரும் இவர் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து ஏறினார்கள். இவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. பழக்க தோஷத்தில் இவர் காலை லேசாகத் தூக்கியபோது, "தூக்கிக்கோங்க, எங்களுக்குப் பயமில்ல," என்று பின்னாலிருந்து ஒரு குரல். காலைக் கீழே வைத்துவிட்டார்.

வக்கீல் இருக்கையில் திரும்பி முட்டிபோட்டு நின்று விசாரணையைத் தொடங்கினாள்.

"துண்டுக்காகவா பாறையில போட்டீங்க?"

"அது நல்ல துண்டுடா."

"எங்க அண்ணன் என் பிரஷ்ல பல் தேய்ச்சான். நான் அவனைப் பாறையிலயா போட்டேன்?"

"இல்ல."

"அம்மாகிட்ட சொன்னேன். நீங்க யார்கிட்ட சொல்லியிருக்கணும்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "மேனேஜர்கிட்ட," என்றார். ஓட்டுநர் சிரிப்பை அடக்குவதற்காக ஹாரன் அடித்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்று தீர்ப்பாயிற்று. இவர் போனை எடுத்து நெருப்பைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி நடுவில் பிடித்தார்.

"தம்பி, அக்கா பேசுறேன். பாறையில போட்டதுக்கு மன்னிச்சுடு."

அந்தப் பக்கம் எதையோ வழித்தெடுக்கும் சத்தம் கேட்டது. வக்கீல் போனருகே வாயைக் கொண்டுபோனாள். "நெருப்பு, எப்படி வெளிய வந்தீங்க?"

நெருப்பு கொஞ்சம் யோசித்தான். இரண்டு நாளாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் துண்டு, துண்டு என்று கேலி செய்த கோபம் அவனுக்கு இருந்திருக்கும்.

"இன்னும் வரலை பாப்பா," என்றான் சோகமான குரலில். "உள்ளேர்ந்துதான் பேசுறேன். இங்க ரொம்பக் குளிருது. சரி, வைக்கிறேன்."

வேனில் ஒரேயடியாகக் கூச்சல்.

"அடப்பாவி! அவன் ஐஸ் பெட்டியில கையை விட்டுக்கிட்டு நிக்கிறான்டா!" என்று இவர் கத்தியதை யார் கேட்டார்கள்? திரும்ப அழைத்தார், அவன் எடுக்கவில்லை. பள்ளி வாசலில் எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். வக்கீல் கடைசியாக இறங்கி, "அவரு வெளிய வர்ற வரைக்கும் யாரும் உங்ககூடப் பேச மாட்டோம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று பகல் இவர் நேராக ஐஸ்கிரீம் கடைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மாலையில் நெருப்பே சிவப்புச் சாயம் பூசி, கடை ஏப்ரனோடு பள்ளி வாசலில் வந்து நின்றான். "வந்துட்டேன்! அக்காவே பாறையைத் திறந்து விட்டுட்டாங்க!" என்று கையை ஆட்டினான். பெரும்பாலான பிள்ளைகள் மன்னித்துவிட்டார்கள். சிலர் அவனைத் தொட்டுப் பார்த்து, இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறான் என்றார்கள். வக்கீல் மட்டும் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒருநாள் திறந்து விட்டா மறுநாள் மறுபடி போட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையிலும் மூவரைப் பாறையில் போட்டுவிட்டுத்தான் இவர் வந்திருந்தார். வரும் சனிக்கிழமையும் போட வேண்டும்.

திரும்பும் வழியில் காலியாக இருந்தது இவருக்குப் பக்கத்து இடம் மட்டும்தான். வக்கீல் வேறு வழியில்லாமல் அங்கே உட்கார்ந்து, நடுவில் தன் பையைச் சுவராக நிறுத்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன இருந்தாலும் நீங்க பண்ணது தப்புதாம்மா," என்றார் ஓட்டுநர், சாலையைப் பார்த்தபடி.

"நீங்களுமா அண்ணே? கதை எழுதினவன் எங்கேயோ நிம்மதியா உட்கார்ந்திருக்கான். நான் இங்க ஏச்சு வாங்கிட்டு இருக்கேன்."

"கதையை விடுங்க. துண்டைப் பூட்டி வெச்சிருக்கலாம்ல?"

"பூட்டணுமா? கூடவே இருக்கிறவங்களுக்குப் பயந்து துண்டைப் பூட்டணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

இவர் குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் வக்கீலுக்குக் கண் சொக்கியது. பை மெதுவாகச் சரிந்தது. தலை ஜன்னல் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. முன்னால் சாலை குண்டும் குழியுமாக வந்துகொண்டிருந்தது. "நீங்களே சொல்லுங்க அண்ணே, உங்க துண்டுல நான் மூஞ்சி துடைச்சா நீங்க விடுவீங்களா?" என்று ஓட்டுநரிடம் சண்டையை விடாமலே, அந்தப் பக்கம் பார்க்காமலே, இவர் கையை நீட்டி, கண்ணாடிக்கும் அந்தத் தலைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.