சாவியைக் கொடுத்த பெண்

கல்முனையில் சட்டத்தரணியாக இருக்கும் எனக்கு விசித்திரமான கேள்விகள் புதிதல்ல. ஆனால் ஒரு காலையில் வந்த பெண் கேட்டது இன்னும் என்னை விடவில்லை. கொடுத்த தேநீரை ஆறுதலாகக் குடித்த பிறகே அவள் வாய் திறந்தாள்.

"மிஸ், பாம்பு கடிச்ச ஆள ஊட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாட்டி அது குத்தமா?"

"சாக உட்டாக் குத்தந்தான். ஆருக்குக் கடிச்ச?"

"என்ட மாப்புளைக்கி."

"எப்ப மௌத்தான?" இறந்த நாளைக் குறிக்கப் பேனாவை எடுத்தேன்.

"இன்னும் மௌத்தாகல்ல மிஸ். வயலால வந்து படுத்திரிக்காரு. கதவ வெளியால பூட்டிட்டு வந்தன்."

அவள் குரல் சற்றும் நடுங்கவில்லை. கோப்பையை வைத்தபோது அபாயாவின் கை விலகியது. மணிக்கட்டுக்கு மேலே வரிவரியாகச் சூட்டுத் தழும்புகள்.

"சாவியத் தாங்க தங்கச்சி," என்றேன்.

யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவள்போல உடனே கொடுத்தாள்.

அம்புலன்ஸோடு நானும் போனேன். அவள் கணவர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தழும்புகளுக்காக அவர்மேல் வழக்குப் போடலாம் என்று அவளிடம் எவ்வளவோ சொன்னேன், அவள் சாவியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் இருவரும் தயிர்ச்சட்டியோடு வந்தார்கள். "நீங்க இல்லாட்டி நான் இல்ல மிஸ்," என்று அவர் கண்கலங்கினார். அவள் அவருக்குப் பின்னால் நின்று, இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் உயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்ல அன்றிலிருந்து எனக்கு வாய் வருவதில்லை.