கூர் முனைக் குண்டும் கேப்டன் கௌரவமும்

போன ஞாயிறு எங்கள் ஃபேக்டரி டீம் ஏர் ரைஃபிள் போட்டியில் தோற்றது. ஜெயித்த பக்கத்து ஃபேக்டரிக்காரர்கள் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்கள். தோற்றவன் கையில் மைசூர்பாகு... இதைவிடக் கொடுமை உண்டா?

ஐம்பது மீட்டர் தூரம். ஏர் ரைஃபிளுக்கு அது ரொம்ப தூரம். குண்டு சரியில்லை என்றால் என்ன குறி பார்த்தும் பிரயோஜனமில்லை. அதை வாங்கும் பொறுப்பு பர்ச்சேஸ் ஆபீசர் ஸ்டெல்லா மேடத்துக்கு. மண்ணூர்க்காரர். கொடுத்த பட்ஜெட்டோ ரொம்பச் சின்னது.

டீம் கேப்டன் தணிகாசலம் சார், எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர் நம்பிக்கைப்படி, வெளிநாட்டில் செய்தது என்றால் தீக்குச்சிகூட இரண்டு முறை எரியும்! ஒரு பளபள டப்பாவோடு வந்து நின்றார்.

"முனையைப் பாருங்க மேடம், ஈட்டி மாதிரி! காத்தைக் கிழிச்சிக்கிட்டுப் போகும்."

"போகும் சார். எங்கே போகும்னு பார்த்துட்டு வாங்கலாமே?"

பார்த்தோம். ஃபேக்டரிக்குப் பின்னால், மண்மேட்டுக்கு முன்னே குறி வட்டம் போட்ட பேப்பர் நட்டு, ரைஃபிளை மணல் மூட்டை மேல் வைத்து, வடக்குப்பட்டிலிருந்து வரும் ஃபிட்டர் கன்னியப்பன் சுட்டார். ஓடிப்போய் பேப்பர் எடுத்து வருவது என் வேலை.

உள்ளூர் தட்டைத் தலைக் குண்டு பாதி தூரத்திலேயே தள்ளாடியது. அதெல்லாம் பத்து மீட்டருக்குத்தான் லாயக்கு. கூர் முனை வெளிநாட்டு ஐட்டம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியது. கடைசியில் உள்ளூர் உருண்டைத் தலை, இருப்பதிலேயே மலிவு. அத்தனை ஓட்டைகளையும் காபி டம்ளரால் மூடிவிடலாம்!

"இன்னா சார் இது! நம்ம ரைஃபிளுக்கு இதான் புட்ச்சிக்கீது. ஃபாரின் குண்டு இஷ்டத்துக்கு மேஞ்சிக்கினு கீது" என்றார் கன்னியப்பன்.

"காத்து அடிச்சுது" என்றார் கேப்டன்.

காற்று அடங்கும்வரை காத்திருந்து மறுபடி சுட்டோம். அதே கதை.

"இருக்கட்டும்... இந்த உள்ளூர் டப்பா எவ்ளோ மட்டமா இருக்கு! நாலு பேர் முன்னாடி எடுத்து வெச்சா கம்பெனி மரியாதை என்ன ஆகும்?"

"சுடப்போறது குண்டைத்தானே சார்?"

மேடம் உருண்டைத் தலையையே வாங்கினார். பிராக்டீஸுக்கும் போட்டிக்கும் ஒரே லாட், ஒரே அச்சில் வந்த குண்டுகள். அடி நசுங்கிய குண்டுகளை எங்களை உட்காரவைத்துப் பொறுக்கி ஒதுக்கச் சொன்னார். கேன்டீனில் தணிகாசலம் சார் எல்லோர் காதிலும் விழும்படி, "லேடீஸுக்குத் துப்பாக்கியைப் பத்தி என்னய்யா தெரியும்?" என்றார். மேடத்துக்கும் கேட்டது. காபியை பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

போட்டி நாள். முதல் நாலு பேரும் அருமையாகச் சுட்டார்கள். கன்னியப்பனுக்கு மைதானத்திலேயே டாப் ஸ்கோர். கடைசியாக கேப்டன். பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்தார் பாருங்கள்... அதே வெளிநாட்டு டப்பா!

மேடத்திடம் ஓடிச் சொன்னேன். "சுடட்டும்" என்றார். ஹேண்ட்பேக்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

ஒரு குண்டு மேலே. ஒன்று கீழே. ஒன்று பக்கத்து டீமின் பேப்பரில்! மயிரிழையில் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் கூட வந்த ஜி.எம். காரணம் கேட்டார். கேப்டன் கூசாமல் சொன்னார்: "மட்டமான குண்டு சார். பர்ச்சேஸ்ல மிச்சம் பிடிச்சா இப்படித்தான்."

ஸ்டெல்லா மேடம் எழுந்து நின்றார். கேப்டன் பக்கம் திரும்பினார்.

"அந்த மட்டமான குண்டைச் சுட்ட நாலு பேரும் நல்லா சுட்டாங்க சார். நீங்க எதைச் சுட்டீங்க? கொஞ்சம் எடுத்துக் காட்டுங்களேன்."

தணிகாசலம் சார் கை தானாக பாக்கெட்டைப் பொத்தியது. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. உள்ளே இருந்த டப்பா கலகலவென்று பதில் சொன்னது. கன்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

டாலர் ஏறிக் கிடக்கிற இந்த நேரத்திலும் நமக்கு லேபிள் மோகம் தீரவில்லை. நம் துப்பாக்கிக் குழாய்க்கு எது பொருந்தும் என்று சுட்டுப் பார்க்க எவனுக்கும் பொறுமையில்லை... மலிவு என்றாலே மட்டம் என்று முடிவு கட்ட மட்டும் நொடி போதும்.

நேற்று சர்க்குலர் வந்தது. டீமுக்குப் புது கேப்டன் கன்னியப்பன். அடுத்த போட்டிக்கு மாலை மரியாதையோடு தலைமை விருந்தினர்... தணிகாசலம் சார்!

குறி தவறுகிறவருக்கு நம் ஊரில் நாற்காலி மட்டும் தவறுவதே இல்லை.