மாமா எடுத்த மாயப் படம்

என் மாமாவுக்குப் பேசாத படங்கள் என்றால் உயிர். அம்மாவின் ஒரே தம்பியான அவர், மெட்ராஸில் மூன்று வருஷம் படித்துவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பியபோது பட்டத்தோடு ஒரு வீடியோ கேசட்டையும் கொண்டுவந்தார். அம்மாவுக்குப் பட்டத்தின் மேல்தான் சந்தேகம். எனக்குக் கேசட்டின் மேல் துளியும் சந்தேகம் இல்லை. அதில் கோட்டு போட்ட ஒருவர் குடையை விரித்தால் உள்ளிருந்து நான்கு பெண்கள் இறங்கி வருவார்கள். நானும் மாமாவும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் அந்த இடம் மட்டும் கோடு விழுந்து தேய்ந்திருந்தது. வீட்டில் மற்றவர்கள் அதற்குப் பைத்தியக்காரப் படம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சினிமா பிறந்த புதிதில் யாரோ ஒருவர் தெருவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாராம். நடுவில் கேமரா சிக்கி நின்றுவிட்டதாம். சரிசெய்து மறுபடி ஓட்டி, பிறகு திரையில் போட்டுப் பார்த்தால், போய்க்கொண்டிருந்த வண்டி சட்டென்று வேறு வண்டியாக மாறிவிட்டதாம். மாயப் படங்களுக்கெல்லாம் அந்தக் கோளாறுதான் ஆதி என்று சொல்லும்போது, குலசாமி கதை சொல்வதுபோல மாமாவின் குரல் தாழ்ந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். மஸ்கட்டில் இருந்த அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதே கதைதான். விசேஷம் முடிந்ததும் கேசட் விமானம் ஏறிவிடும். அதற்காகவே அப்பா முந்தைய லீவில், தோளில் வைத்துப் பிடிக்கும் கேமரா ஒன்றை வாங்கி வந்து கொடுத்திருந்தார். போனில் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்.

"புள்ளைக்குக் காது குத்துறப்ப மட்டும் விட்றாம எடுங்க. அதப் பாத்தாப் போதும்."

தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும் என்பதால், கேமராவைப் பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டு மாமா தம்பியை மடியில் வாங்கிக்கொண்டார். பெரியப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

சாயங்காலம் எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. தம்பி அழுததை இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டு, கேமராவிலேயே கேசட்டைப் பின்னால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கும் இடம் வந்தபோது அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்படியே அணைத்துவிட்டு ஓடிப்போனேன்.

மறுநாள் காலையில், கேசட்டில் இன்னும் இடம் இருக்கிறது, அத்தானுக்கு ஒரு மாயப் படம் எடுத்து அனுப்பலாம் என்று மாமா கிளம்பினார். கொல்லையில் ஒரு நாற்காலி. அதற்கு எதிரே முக்காலியில் அசையாமல் கேமரா. காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் படம் எடுத்துவிட்டுக் கேமராவை நிறுத்தினார். கோழியைப் பிடித்து உட்காரவைத்து எடுத்தார். பிறகு கோழிக்குப் பதில் தம்பி. கடைசியாக ஆள் போதாமல் அடுப்படியிலிருந்து அம்மாவை இழுத்து வந்தார். விசேஷம் முழுக்கப் பரிமாறிக்கொண்டே இருந்த அம்மா, பெரியவர்கள் எதிரில் கேமரா பக்கம் திரும்பக்கூட வெட்கப்பட்டாள். விசேஷத்தில் எடுத்த படத்தில் வந்ததெல்லாம் அவள் முதுகுதான். இப்போது கொல்லையில் பெரியவர்கள் யாரும் இல்லை. "சீக்கிரம் எடுத்துத் தொலைடா, கொழம்பு கொதிக்குது" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

மத்தியானம் டிவியில் போட்டுப் பார்த்தோம். ஆசாரி ஊசியை எடுத்தார். அடுத்த நொடி காலி நாற்காலி. தன் கைவண்ணம் என்று நினைத்து மாமா முதலில் சிரித்தார். பிறகுதான் முகம் செத்துப்போனது.

"அந்த மனுசன் கேட்டது ஒன்னே ஒன்னு. அதையும் அழிச்சுட்டியேடா" என்றாள் அம்மா.

"நேத்து நின்ன எடத்துலருந்துதான்க்கா எடுத்தேன். எப்படின்னு தெரியலையே."

எப்படி என்று எனக்குத் தெரியும். நான் ஓட்டி நிறுத்திய இடத்தின் மேலேயே புதுப் படம் பதிந்துவிட்டது. தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவிவிட்டேன். மறுபடி எடுக்கலாம் என்றால், குத்திய காதை எப்படிக் குத்துவது? மஸ்கட் போகும் அறந்தாங்கிக்காரர் அன்று சாயங்காலமே கிளம்புவதாக இருந்ததால் வேறு வழியில்லாமல் அதே கேசட்டைக் கொடுத்தனுப்பினார்கள். அதன்பின் அம்மா மாமாவிடம் பேசவில்லை. மாமா கேமராவைப் பெட்டியில் வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று பூட்டிவிட்டார். குடைக்குள்ளிருந்து பெண்கள் இறங்கும் கேசட்டைக்கூடப் போடவில்லை. என்னால்தான் அவர் திட்டு வாங்கினார் என்பது சோற்றை விழுங்கவிடாமல் செய்தது.

அப்பா வெள்ளிக்கிழமைகளில் எதிர்வீட்டுக்குப் போன் செய்வார். இரண்டு வெள்ளி சும்மா போயின. மூன்றாவது வெள்ளி மணி அடித்தது. அம்மா, "ஏங்க, அந்தக் கேசட்டுல வந்து..." என்று இழுத்தாள். அந்தப் பக்கம் அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"குத்துறது இல்லாட்டி என்ன? அதான் நாக்காலில ஒக்காந்திருக்கவன் காதுல கடுக்கன் கெடக்கே. குத்தாமயா கெடக்கும்? ரூமே சிரிச்சுது. மாப்ளைட்ட சொல்லு, அடுத்த கேசட்டுலயும் இப்படி எடுக்கணும்னு."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ரிசீவர் என் கைக்கு வந்ததும், அப்பா கேட்பதற்கு முன்பே கொட்டிவிட்டேன்.

"அப்பா, மாமா ஒன்னும் செய்யல. நாந்தான் கேசட்டப் பின்னால ஓட்டினேன்."

"ஓட்டுனா ஓட்டிட்டுப் போ தாயி. நல்லதாத்தான் போச்சு" என்றார் அப்பா.

அப்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு ஓடிவந்து மாமாவிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் என் காதைத் திருகினார், வலிக்காமல். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். பெட்டிப் பூட்டும் திறந்தது.

நான்கு வருஷம் கழித்து அப்பா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, பெட்டியில் அந்தக் கேசட்டும் வந்தது. எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மொட்டை, விருந்தாளிகள், கோழி, தம்பி எல்லாம் பளிச்சென்று இருந்தன. நாற்காலியில் தம்பிக்குப் பதில் அம்மா தோன்றும் இடத்தில் மட்டும் படம் கோடு கோடாகத் தேய்ந்து, முகமே சரியாகத் தெரியவில்லை. மாயம் செய்த இடத்தில் கேசட் சீக்கிரம் கெட்டுப்போகும் போலிருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். கோழியும் மாயத்தில்தானே வந்தது, அது மட்டும் ஏன் தேயவில்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.