பாத்திரக் கடைக்கு ஊர் பார்த்த கதை

கல்யாணமாகி வள்ளியூரிலிருந்து நான் திருவனந்தபுரத்துக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பழவங்காடியில் ஒரே பாத்திரக் கடையில்தான் நின்றுகொண்டிருந்தார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிற கூட்டம் திரும்பிப் போகும்போது ஒரு குக்கரோ ஒரு தூக்குவாளியோ வாங்கிப் போகும். கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் எங்கள் குடித்தனம். நான் வீட்டில் இருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுப்பேன். ஒரே மகள், அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

கடை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்களுக்கு அண்ணாச்சி. ஒரு நாள் அவர் இவரைக் கூப்பிட்டு, கடலோரத்தில் சின்ன ஊராகப் பார்த்து ஒரு கிளை போடலாம் என்று இருக்கிறேன், அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாராம்.

"எந்த ஊர் அண்ணாச்சி?"

"அத நீதாம்ல பாத்துச் சொல்லணும். அங்க போயி இருக்கப் போறது நீயும் உன் பொண்டாட்டி புள்ளையுந்தான? அவங்களையும் கூட்டிட்டுப் போ. அவங்களுக்குப் பிடிக்கலன்னா நாலு மாசத்துல நீ திரும்பி வந்து நிப்ப."

இவர் அன்றைக்குப் படியேறி வந்த வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எனக்குத் தெரிந்த கடல் சங்குமுகம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கடலை வாங்கித் தின்றுவிட்டு, காலில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டுத் திரும்பி வருகிற இடம். அங்கே போய் யாராவது குடியிருப்பார்களா?

மகள் சிரிக்கவில்லை. "ஞான் வரில்லா" என்று சொல்லிவிட்டு மொபைலை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். பசித்தால் அவளுக்குத் தமிழ் வரும், கோபம் வந்தால் மலையாளம்தான். பள்ளிக்கூடம், கூட்டுக்காரிகள், டியூஷன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வர முடியாது என்று ஒரு வாரம் முழுக்க மலையாளத்திலேயே பேசினாள்.

"சும்மா பாத்துட்டு வருவோம். பாக்கறதுல என்ன?" என்று இவர் கெஞ்சினார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பார்க்கக் கிளம்பினோம்.

முதலில் வர்க்கலை. தம்பானூரில் ரயில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கினோம். குன்றின் உச்சியில் நின்று கீழே கடலைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இவரும் பத்து நிமிஷம் வாயைத் திறந்தபடி பார்த்தார். அதற்கப்புறம் கடைகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். குன்றின் மேல் வரிசையாகத் துணிப்பை, மணிமாலை, காப்பிக் கடை. ஒரு கடையில் காப்பி வாங்கிவிட்டு, சாசரைத் தலைகீழாகத் திருப்பி எந்தக் கம்பெனி முத்திரை என்று பார்த்தார். பரிமாறிய பையன் பதறிப் போய், "எந்தெங்கிலும் பிரச்னமுண்டோ சார்?" என்று ஓடி வந்தான். மகள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள்.

அங்கே ஒருவர் வீடு காட்டினார். நல்ல வீடு, பின்னால் மாமரம், தண்ணீர் தாராளம். எனக்குப் பிடித்துப்போய், தையல் மிஷினை எந்த ஜன்னலோரம் போடலாம் என்று மனசுக்குள் பார்த்துவிட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், அந்த மூன்று மாதம் மட்டும் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும் என்று.

"அப்ப நாங்க எங்க போறது?" என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே யோசித்துவிட்டு, "நிங்ஙளும் எவிடெயெங்கிலும் டூர் போய்க்கோ" என்றார். நாங்களும் எங்கேயாவது டூர் போய்க்கொள்ள வேண்டுமாம்.

அடுத்த ஞாயிறு அஞ்சுதெங்கு. கடைக்காவூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் போனோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ரிப்பன் மாதிரி ஊர். பழைய கோட்டை, கலங்கரை விளக்கம், சுற்றிலும் தென்னை. அங்கே பார்த்தவர்கள் எல்லோரும் ஊரைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். டீக்கடைக்காரர் சொர்க்கம் என்றார். ஆட்டோக்காரர் காற்று ஒன்றே போதும், டாக்டரே வேண்டாம் என்றார். கடைக்கு ஒரு ரூம் காட்டினவர் எல்லோரையும் மிஞ்சிவிட்டார். ரூமின் பின்கதவைத் திறந்தால் நாலு எட்டில் கடல். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு ஓடியது.

"மழைக்காலத்துல தண்ணி உள்ள வருமா?" என்று கேட்டேன்.

"ஏய், இல்ல இல்ல."

"பின்ன இந்தக் கோடு?"

"அது பெயின்டிங்கில ஒரு டிசைன்" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

திரும்பி வருகிற ரயிலில் நாங்கள் மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அத்தனை நாளுக்கப்புறம் மகள் எங்களோடு சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். ஆனால் ஊர் அமையவில்லை. இவர் முகம் வாடிவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஊர் பார்ப்போம், அதுவும் சரிப்படவில்லை என்றால் அண்ணாச்சியிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது ஞாயிறு கிழக்கேகோட்டையிலிருந்து பூவாருக்கு பஸ் ஏறினோம். நெய்யாறு கடலில் போய்ச் சேருகிற ஊர். ஜங்ஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஒரு பக்கம் சர்ச், ஒரு பக்கம் பள்ளிவாசல், தென்னந்தோப்புக்குள் வீடுகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மீன்பிடிக்க யாரும் போகவில்லை. வீட்டு வாசல்களில் பெண்கள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

இவருக்கு அது போதாதா? ஊரில் எந்தப் பாத்திரம் புழங்குகிறது என்று தெரிந்தால்தானே சரக்குப் போட முடியும் என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வேலிக்கு மேலும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். "வேண்டாங்க, யாராவது தப்பா நினைப்பாங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது வீட்டில், குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் தேங்காய் நாரும் சாம்பலும்.

"எந்தா நோக்குன்னே?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

பதினெட்டு வருஷம் மலையாளத்தில் வியாபாரம் செய்த மனுஷன், "பா... பா..." என்று நிற்கிறார். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். அப்போது மகள்தான் முன்னால் போனாள். மலையாளத்தில், சேச்சி, அப்பா பார்த்தது உங்களை இல்லை, உங்கள் பாத்திரத்தை, அவருக்குப் பாத்திரக் கடை, எங்கே போனாலும் இப்படித்தான், ஹோட்டலில் தட்டைக்கூடத் திருப்பிப் பார்ப்பார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அந்தச் சேச்சி இவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தேய்த்துக்கொண்டிருந்த பெரிய அலுமினியச் சருவத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மீன் சுமந்து விற்கப் போகிறவர்கள் தலையில் வைக்கிற அகலச் சருவம் அது. அடியில் இரண்டு ஓட்டை, இரண்டையும் எதையோ பூசி அடைத்திருந்தது.

"பாத்திரக்காரனா? அப்ப இதுக்கு ஒரு வழி சொல்லு" என்றாள் மலையாளத்தில்.

நானும் இவரும் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டதும் அவளே தமிழுக்கு மாறிவிட்டாள். "எனக்க அம்ம வீடு தமிழ்நாட்டுப் பக்கமாக்கும். தமிழ்க்காரங்கன்னு மொதல்லயே சொல்லப்படாதா?" என்று எங்களைத்தான் கோபித்துக்கொண்டாள். உட்கார வைத்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொடுத்தாள். இவர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் சருவத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் எப்படி என்று கேட்டேன். மற்ற ஊர்களில் கேட்ட பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"கொள்ளாத்தது மொத்தமும் சொல்லட்டா?" என்று ஊரில் உள்ள கெட்டதையெல்லாம் சொல்லி அவள் விரலை மடக்க ஆரம்பித்தாள். "கோடையில கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். பைப்புத் தண்ணி தோணுனா வரும். எடவப்பாதி மழைக்காத்து அடிச்சா ஓடு பறக்கும். இரும்புன்னு எத வச்சாலும் ஆறு மாசத்துல துருவேறிப் போவும். காலம்பற பஸ்சுல ஏறணும்னா இடி வாங்கணும். சர்ச்சுப் பெருநாள் வந்தா பத்து நாளும் மைக்கு."

"துருவேறுமா?" இவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. "அப்ப ஸ்டீலும் அலுமினியமும் நல்லாப் போகும்."

"அவ்வளவு கஷ்டம் இருந்தும் நீங்க எப்படி இருக்கீங்க?" என்று நான் கேட்டேன்.

"பின்ன எங்க போவேன்? இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். சண்டை போட்டாலும் பேரச் சொல்லித்தான் போடுவாங்க" என்றாள்.

பழவங்காடியில் அத்தனை வருஷம் இருந்தும், சந்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் ஒருத்தரும் கிடையாது. தையல்காரி என்றால்தான் தெரியும். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான், எனக்கு என்னவோ செய்தது.

மகள் தன் கேள்வியைக் கேட்டாள். "இவிடெ நெட் கிட்டுமோ?"

"வீட்டுக்குள்ள கிட்டாது. அந்தா அந்தத் தென்னைக்குக் கீழ போயி நில்லு, ரெண்டு புள்ளி வரும்."

மகள் போய்ப் பார்த்தாள். அந்தத் தென்னைக்குக் கீழே ஏற்கெனவே மூன்று பெண்பிள்ளைகள் மொபைலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இவளுக்கும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நாங்கள் கிளம்பலாம் என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

பஸ் விழிஞ்ஞத்தைத் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மகள் சொன்னாள், தமிழில்: "ஸ்கூல் மாறலாம். ஆனா எனக்குன்னு ஒரு ரூம் வேணும். கதவு இருக்கணும். தாப்பாள் உள்பக்கம் இருக்கணும்."

மறுநாள் இவர் அண்ணாச்சியிடம் போய்ப் பூவார் என்று சொன்னார். ஏன் அந்த ஊர் என்று அவர் கேட்டதற்கு, "அங்க ஒரு அம்மா ஊரைப் பத்திக் கெட்டது பூராவும் சொல்லிட்டாங்க அண்ணாச்சி" என்றாராம். "கிறுக்குப் பிடிச்சிட்டா உனக்கு?" என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். பிறகு அவரே ஒரு நாள் வந்து ஜங்ஷனைச் சுற்றிப் பார்த்து, பாத்திரம் வாங்க ஜனங்கள் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்ததும் சம்மதித்துவிட்டார்.

மே மாதப் பள்ளி விடுமுறையில் குடிபோனோம். சேச்சி சொன்னது ஒன்றும் பொய்யில்லை. முதல் நாள் கிணற்றுத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பால் உப்புக் கரித்துத் திரிந்துபோனது. ஜூன் மாதக் காற்றில் மேலே இரண்டு ஓடு போனது. கடையில் முதல் மாதம் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தார் இவர். சேச்சி ஒரு நாள் வந்து, புதிதாக இறக்கி வைத்திருந்த சருவத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது பேப்பரு" என்று திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மொத்த வியாபாரியிடம் நேரே போய், அடி கனமாக, விளிம்பு மடித்த சருவமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சேச்சி மறுபடியும் வந்து தட்டிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் ஆறு பெண்களோடு வந்து கடைவாசலில் நின்றாள்.

மகள் முதல் இரண்டு வாரம் உள்தாழ்ப்பாளை நன்றாகவே உபயோகித்தாள். ஓணப் பரீட்சைக்கு முன்னால் தென்னை மரத்தடிப் பிள்ளைகள் மூன்று பேரும் அந்த ரூமுக்குள்ளேயே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். இப்போது அவள் பேசுகிற பூவார் மலையாளத்தைக் கேட்டு, பழைய கூட்டுக்காரிகள் போனில் கேலி செய்கிறார்களாம். அவள் அவர்களைத் திரும்பக் கேலி செய்கிறாள்.

எனக்குத்தான் எதிர்பாராத வேலை வந்து சேர்ந்தது. இங்கே பிள்ளைகள் முதன்முதலாக அப்பம் வாங்குகிற முதல் குர்பானைக்கு வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்கள். பிளவுஸ் தைக்கிறவளுக்குக் கவுன் தைக்கத் தெரியாதா என்று ஒருத்தி துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். நான் அதுவரை சுருக்கு வைத்த கவுன் தைத்ததே இல்லை. ஒரு பழைய கவுனை இரவல் வாங்கி, தையலைப் பிரித்து, பேப்பரில் அளவு வெட்டி, பழையதை மறுபடியும் மூட்டி, எப்படியோ முடித்தேன். போன வருஷம் ஏழு கவுன் வந்தது.

அளவு பார்க்க ஏழு பிள்ளைகளும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார்கள். ஆறு பேர் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழற்றிக் கொடுத்தார்கள். ஏழாவது பிள்ளை, முன்பல் இரண்டும் இல்லாதவள், கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, விளிம்பு மடிக்காத கவுனோடு அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று வெளியே ஓடிவிட்டாள். காற்றில் கவுன் குடை மாதிரி விரிந்துவிட்டது. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடுகிறேன், கத்தவும் முடியவில்லை. வழி நெடுக வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் என் பேரைச் சொல்லி, "விடாதே, பிடி, பிடி" என்று சிரித்தார்கள்.