பத்மாவின் காதும் அப்பாவின் ஆகாசமும்

துளசியும் பச்சைக் கற்பூரமும் கலந்த தீர்த்தத்தின் மணம் அப்பாவின் மூச்சில் எப்போதும் இருக்கும். விடியற்காலையில் அவர் என் தங்கை பத்மாவை மடியில் இருத்தி, அவள் வலது காதோடு வாயை வைத்துப் பாசுரம் ஓதிச் சேவிக்கும்போது, மூச்சுக்காற்று பட்ட கூச்சத்தில் அவள் நெளிந்து சிரிப்பாள். பத்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ஏழு வயதாகியும் அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

ஸ்ரீரங்கம் கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைச் சேர்ந்து ஓதும் கோஷ்டியில் சேவிப்பதே அப்பாவின் வேலை. திருச்சியில் காது கேளாத பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருப்பதை அம்மா விசாரித்து வைத்திருந்தாள். அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா, "ஆகாசம்னா வெறும் இடம்னு நினைச்சுண்டிருக்கியா? அது நிறைஞ்சிருக்கு. அதோட குணமே 'சப்தம்'. குழந்தையைச் சுத்தி அது இருந்துண்டேதான் இருக்கு, ஒருநாள் உள்ளே போகும்" என்பார். அம்மா சமையலறைக்குள் போய்விடுவாள். அவளும் நானும் பத்மாவோடு பேச நாங்களே உண்டாக்கிக்கொண்ட 'கைச்சாடை'களை அப்பா பார்க்கவும் விரும்பமாட்டார். அதற்குப் பழகிவிட்டால் காது திறக்காமலே போய்விடும் என்ற பயம் அவருக்கு.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு, திருச்சியில் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். எனக்குக் கிடைத்தது கண்ணாடி ஜாடிக்குள் மின்சார மணி தொங்கும் மேஜை. எங்கள் அறிவியல் ஆசிரியை மெஹருன்னிசா டீச்சர் பம்ப்பை வைத்து ஜாடியிலிருந்த காற்றை உறிஞ்சிக் காட்டுவார். பெற்றோர் வரும் நாளில் அம்மா பிடிவாதமாக அப்பாவையும் பத்மாவையும் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மணி கணகணவென்று அடித்தது. டீச்சர் காற்றை எடுக்க எடுக்கச் சத்தம் மெலிந்து, தூரத்துத் தெருவுக்குப் போனதுபோலத் தேய்ந்து, கடைசியில் கேட்காமலே போயிற்று. சுத்தியல் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஜாடியை நோக்கிக் குனிந்தார்கள். பத்மாவுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. ஏன் எல்லாரும் குனிகிறார்கள் என்று என்னைச் சாடையால் கேட்டாள். நான் காதைப் பொத்திக் கையை விரித்து, 'கேட்கவில்லை, யாருக்குமே' என்று காட்டினேன். அவள் நம்பவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, அவர் காதின்மேல் தன் கையை வைத்து, 'உனக்குமா?' என்பதுபோலப் பார்த்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்து ஆமென்று தலையசைத்தார்.

பிறகு டீச்சரைக் கேட்டார்: "உள்ளே சப்தம் இருக்கா, நமக்குத்தான் கேக்கலையா?"

"இல்லைங்க சார். சத்தம் வரணும்னா நடுவுல காத்து மாதிரி ஏதாவது இருக்கணும்."

"சுத்தியல் அடிக்கறது மட்டும் தெரியறதே?"

"வெளிச்சத்துக்கு அப்படி எதுவும் வேணாங்க. பெரிய விஞ்ஞானிகளே ஒரு காலத்துல வானம் பூரா ஏதோ நிறைஞ்சிருக்கு, அதுலதான் வெளிச்சம் வருதுன்னு நம்பினாங்க. தேடிப் பார்த்தாங்க, கிடைக்கலை."

"அப்போ நடுவுல இருக்கறது வெறும் இடந்தானா?"

"அதை முடிவா சொல்ல எனக்குத் தெரியலைங்க சார். வெளிச்சம் வந்து சேருது, அவ்வளவுதான் தெரியும்."

மறுநாள் விடியற்காலையில் பாசுரம் கேட்காததால் நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, பத்மாவை மடியில் வைக்காமல் எதிரே உட்காரவைத்து, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தாழ்ந்த குரலில், "அப்பான்னு இவ எப்படிச் சொல்லுவா?" என்றார்.

நான் மூன்று விரல்களால் நெற்றியில் நாமம் இழுத்துக் காட்டினேன். தனக்கென்று அப்படி ஒரு பெயர் அந்த வீட்டில் இத்தனை வருஷமாக இருந்தது அவருக்குத் தெரியாது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பத்மா பயந்துபோய்த் துண்டை விலக்கப் பார்த்தாள்.

அந்த ஜூனில் பத்மா விடுதிப் பள்ளியில் சேர்ந்தாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் கொண்டுவந்த புதிய சைகைகளை அப்பா பிடிவாதமாகக் கற்றார்; சதா தப்பாகச் செய்தார். ஆகாசம் நிறைந்தது என்ற கட்சியை மட்டும் கடைசிவரை விடவில்லை.

இன்று அப்பாவும் அம்மாவும் இல்லை. வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பத்மா திருச்சி தில்லை நகரில் செயற்கைப் பற்கள் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சென்ற வாரம் வீடியோ காலில் அவளிடம், வெற்றிடமும் முழுக்க வெறுமையில்லை என்று இப்போது விஞ்ஞானிகள் சொல்வதாகப் படித்ததைச் சொன்னேன். உடனே அவள் அப்பாவைப்போல முதுகை நிமிர்த்தி, அவருடைய தப்பான சைகையிலேயே, 'நான் அப்பவே சொன்னேனே' என்று செய்து காட்டினாள். சிரித்தோம். பிறகு இருவரும் கைகளைக் கீழே இறக்கிவிட்டோம்.